வரவில்லை என்று எழுதுவது

பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவருக்கு முதல் சில மாதங்கள் மிக முக்கியம். அந்த நாட்களில் கொடுக்கும் பயிற்சிக்குத்தான் கையும் காலும் அதிகம் இணங்கும். விட்டுவிட்டால் தோள் இறுகும். விரல்கள் மடங்கிப் போகும். பிறகு நீட்டுவது பெரும்பாடு. அப்படியிருந்தும் நமது மலையகத் தோட்டங்களில் வயதானவர்கள் இயன்மருத்துவத்துக்கு ஓரிரு தடவை போய்விட்டு நின்றுவிடுகிறார்கள். கிளினிக் பதிவில் அவர்கள் 'வரவில்லை'.

இந்தச் சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை.

ஹட்டனில் எங்கள் கடைக்கு வரும் ஓர் அம்மா, நாற்பது வருடம் கொழுந்தெடுத்தவர். லயத்திலிருந்து தார் றோட்டுக்கு இறங்குவதென்றால் அவரை இருவர் தூக்க வேண்டும். அப்புறம் முச்சக்கர வண்டி. மருமகள் கூடப் போனால் அன்று பிரட்டில் அவளுக்குப் பேர் விழாது. 2024இல் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350 ரூபா. வாரத்தில் இரண்டு நாள் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது வாரம் அந்த அம்மா, "எனக்குச் சுகம் புள்ள, இனித் தேவையில்ல" என்றார். கை அப்போதும் மடியில்தான் கிடந்தது.

இது மறுப்பா? முதியோர் இல்லங்களிலும் 'மறுத்துவிட்டார்' என்றே எழுதி முடிப்பதுண்டு. போவதும் போகாமலிருப்பதும் சமமான விலையில் முன்னால் இருந்தால்தான் அதைத் தெரிவு என்பேன். அவர் பயிற்சியை மறுக்கவில்லை. மருமகளின் இரண்டு பேரைக் காப்பாற்றினார். அந்தப் பொய்யைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அதை நம்புவதுபோல் இருந்துவிடுகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

இயன்மருத்துவரையும் நோக முடியாது. அவருக்கு முன்னால் எப்போதும் ஒரு வரிசை. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 2017இல் 150 கட்டில்களோடு புதிய வைத்தியசாலைக் கட்டடம் வந்தது, நல்ல காரியம். ஆனால் லயத்துப் படிக்கட்டு அங்கேயேதான் இருக்கிறது. தொழிலாளரின் மருத்துவத் தேவைகளைத் தோட்டத்தின் பொறுப்பாக்கிய சட்டம் 1912இலேயே வந்தது. அந்த அம்மா இன்று தொழிலாளி அல்ல. பிள்ளைக் காம்பராவுக்கு ஆள் போட்டிருக்கிறார்கள், தாய் மலைக்குப் போகவேண்டுமே! மடங்கிய கையால் யாருக்கு என்ன லாபம்?

மருமகளுக்கு அந்த நாட்களில் முழுப் பேர் போடலாம். பயிற்சியை லயத்திலேயே செய்விக்க ஒருவரைப் பழக்கலாம். அதுவரை, கிளினிக் பதிவில் 'வரவில்லை' என்பதற்குப் பக்கத்தில், வந்திருந்தால் அன்று யாருடைய பேர் போயிருக்கும் என்றும் எழுதி வைக்கட்டும்.