நாளைய பாடம் யாருடைய இரகசியம்?

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் கடை நடத்தும் நம்மவர் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை இரவில் ஒரு சிறு தொல்லை எழுவதுண்டு. பகலெல்லாம் விளையாடிக் களித்த பிள்ளை, இரவானதும் வயிறு வலிக்கிறது என்கிறான். "நாளைக்கு வாத்தியார் என்ன கேப்பாரோ, தெரியாதே அத்தா" என்பதுதான் அந்த வலியின் மூலம். ஓமத் தண்ணீர் கொடுக்கும் நாம் அந்தத் 'தெரியாதே' என்ற சொல்லைக் கவனிப்பதில்லை. பாடம் கடினம் என்று அவன் முறையிடவில்லை. என்ன வரும் என்று தெரியவில்லை என்றுதான் முறையிடுகிறான்.

இந்நாட்டுப் பள்ளிகளில் ஆசிரியர் திட்டமின்றி வகுப்பில் நுழைவதில்லை. மலாயில் 'ரன்சாங்கான் பெங்ஙாஜாரான் ஹாரியான்' என்றும், தமிழ்ப்பள்ளிகளில் நாள் பாடத்திட்டம் என்றும் வழங்கும் ஏட்டில் இன்ன நேரம், இன்ன பாடம், இன்ன நோக்கம், இன்ன நடவடிக்கை என்று எழுதி வைக்கிறார். தலைமையாசிரியர் அதைப் பார்வையிடுகிறார். யாருக்காக அது எழுதப்பட்டதோ, அந்தப் பிள்ளையின் கண்ணில் மட்டும் அது பெரும்பாலும் படுவதில்லை. வகுப்புத் தொடங்குமுன் அதன் சுருக்கத்தைப் பலகையில் எழுதும் நல்லாசிரியர்களும் உண்டு. அவர்கள் செய்வது தயவா, அல்லது பிள்ளைக்குச் சேரவேண்டிய பாக்கியா? பாக்கி என்பதே நமது எண்ணம்.

வணிகராகிய நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை. ஆற்றில் நீந்தும் மீனையும் ஆகாயத்தில் பறக்கும் பறவையையும் விற்பது செல்லாது என்று நம் ஃபிக்ஹு நூல்கள் விதிக்கின்றன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ளோர் ஓராண்டு, ஈராண்டு முன்னதாகவே கனிகளுக்குப் பணம் கொடுத்து வந்தார்கள். அதை அவர்கள் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும் என்றே நிபந்தனை இட்டார்கள். ஒரு மூட்டைச் சரக்குக்கு இத்தனை தெளிவு கேட்கும் நாம், பிள்ளையின் ஒரு நாளுக்கு அதைக் கேட்பதில்லை.

2016-ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஒரு சோதனை நடந்தது. 45 பேரைக் கணினியின் முன் அமர்த்தி, திரையில் தோன்றும் கல்லுக்கு அடியில் பாம்பு உண்டா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். பாம்பு இருந்தால் கையில் மின்சார அதிர்ச்சி விழும். அதிர்ச்சி நிச்சயம் விழும் என்று அறிந்தபோது இருந்ததைவிட, விழுமோ விழாதோ என்று சரிபாதி ஐயத்தில் நின்றபோதே அவர்களின் மனக்கலக்கம் உச்சத்தை எட்டியது. நமக்கோ இதற்கு ரமலானே சாட்சி. கடைச் சுவரில் தொங்கும் அட்டவணையில் மஃரிபு நேரம் நிமிடக் கணக்கில் அச்சிட்டிருப்பதால் பசி பொறுக்கத்தக்கதாகிறது. எப்போது திறப்பது என்று தெரியாத நோன்பை யாரால் நோற்கமுடியும்?

இனி எதிர்வாதம். 'முன்பே சொல்லிவிட்டால் பிள்ளை அதை மட்டும் படிப்பான். பயம் இருந்தால்தான் படிப்பு வரும். மாணவனுக்குப் பொறுமையே அழகு' என்று பெரியவர்கள் சொல்லுவர். அதற்கு கஹ்பு சூராவில் வரும் மூஸா நபி (அலை), கிள்ரு (அலை) அவர்களின் வரலாற்றையும் எடுத்துக் காட்டுவர். ஓடத்தில் துளையிட்டதும், சிறுவனைக் கொன்றதும், சாயவிருந்த சுவரைக் கூலியின்றி நிமிர்த்தியதும் ஏன் என்று கிள்ரு (அலை) முன்கூட்டிச் சொல்லவில்லை. மூஸா நபியும் மூன்று முறை பொறுக்க மாட்டாமல் வாய் திறந்தார்கள். இது வலுவான வாதந்தான். ஆனால் அதே வரலாற்றில், தாமாக விளக்கும்வரை எதையும் கேட்கலாகாது என்ற நிபந்தனை பயணம் தொடங்குமுன்பே வெளிப்படையாகச் சொல்லப்பட்டது. உள்ளறிவு தெரியாத ஒன்றில் பொறுமை காப்பது எளிதல்ல என்பதை ஆசிரியரே ஒப்புக்கொண்டார். பிரியும் நேரத்தில் மூன்றுக்கும் விளக்கம் கொடுத்தார். அங்கே மாணவர் ஒரு நபி. ஆசிரியரோ இறைவனிடமிருந்து தனி ஞானம் பெற்றவர். நம் பிள்ளைக்கு வயது பத்து. அவனுடைய வாத்தியார் கிள்ரு அல்லர்.

திட்டம் மாறிப்போனால் சொன்ன சொல் பொய்யாகாதா என்றும் கேட்கிறார்கள். நாளை செய்வேன் என்று சொல்லும்போது 'இன்ஷா அல்லாஹ்' சேர்க்கவேண்டும் என்ற கட்டளையும் அந்தச் சூராவிலேயே இருக்கிறது. மாறினால், மாறிவிட்டது என்று பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொன்னால் போகிறது. அதில் ஆசிரியருக்குக் குறைவு ஏதுமில்லை.

அரசாங்கப் பள்ளியைப் பற்றி எழுதுமுன் நம் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மஃரிபுக்குப் பின் நாம் நடத்தும் ஓதும் வகுப்புகளில், இன்று புதுச் சபக்கா, பழைய பாடமா, யாரை ஒப்பிக்கச் சொல்லுவார்கள் என்று அறியாமல் பிள்ளைகள் கதவையே பார்த்திருக்கிறார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் தம் உபதேசத்துக்கு வியாழக்கிழமை என்று நாளே குறித்திருந்தார்கள். தினமும் சொல்லுங்கள் என்று கேட்டபோதும், சலிப்புத் தட்டிவிடும் என்று மறுத்தார்கள். நம் சங்கங்கள் வகுப்புக்கு ஒரு பலகை வாங்கிக் கொடுக்கட்டும். ஹஸ்ரத் உள்ளே வந்ததும், இன்று எந்தச் சூரா, எத்தனை ஆயத்து, யார் யார் ஒப்பிப்பது என்று மூன்று வரி எழுதட்டும். செலவு, ஒரு மரக்கட்டை விலையும் ஒரு பெட்டி சுண்ணக்கட்டியும்.