குறைத்த கிராம் எங்கே போகிறது?

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலை. முதுகில் மூட்டையோடு நாள்கணக்கில் நடந்து, ஏரிகளில் ட்ரௌட் மீன் பிடிக்கப் போகிறவர்கள் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்குப் பார்ப்பார்கள். டூத் பிரஷ்ஷின் காம்பையே வெட்டி எறிகிறவர்கள் உண்டு! தூண்டிலும் அப்படித்தான். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கழி, குட்டி ரீல், மீனை ஏமாற்ற மூன்று கிராம் பளபளப்புத் தகடு, மெல்லிய நைலான் நரம்பு.

நல்லதுதானே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். நரம்பு ரொம்ப மெலிந்தால் சட்டென்று இழுக்க முடியாது, அறுந்துவிடும். விட்டு விட்டுத்தான் பிடிக்க வேண்டும். அத்தனை நேரமும் மீன் போராடிக் களைக்கிறது. 'பாவம், போகட்டும்' என்று தண்ணீரில் விட்டாலும் சிலசமயம் பிழைப்பதில்லை.

நான் பி.காம். ஒரு பக்கம் பற்று என்றால் மறுபக்கம் வரவு இருந்தே தீரும். நம் தோளில் குறைந்த பாரம் மீனின் கணக்கில் ஏறிவிட்டது!

மீனே பிடிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. நரம்பு கொஞ்சம் தடிமனாக இருக்கட்டும். மூன்று முள்ளுக்குப் பதில், சுலபமாகக் கழற்ற வருகிற ஒற்றை முள் போதும். கூடுவது ஓரிரு கிராம்தான்.

அது சரி... நம் ஞாயிற்றுக்கிழமை இவ்வளவு லேசாக இருக்கிறதே, அந்தக் கனம் வீட்டில் யார் தோளில்?