மருந்து வைத்து வரவழைக்கும் வலியும் மர்யம் (அலை) அவர்களின் பேரீச்ச மரமும்

 



புதன்கிழமை மஃரிபுக்குப் பிறகு நம் மஹல்லா இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். "ஹஜ்ரத், வீட்டுல 41 வாரம் முடியப் போகுது. இன்னும் வலி வரல. சனிக்கிழமை அட்மிட் பண்ணி, மருந்து வெச்சு வலி வரவைக்கலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. எங்க உம்மா, 'அல்லாஹ் குறிச்ச நேரத்துல புள்ள வரும், நாம ஏன் அவசரப்படணும், தவக்குல் இல்லையா'ன்னு கேக்குறாங்க. வீட்டுல மூணு நாளா ஒரே அழுகை. ஏதாவது ஓதித் தாங்க" என்றார்.

ஓதிக் கொடுத்தேன். ஆனால் ஓதிய தண்ணீரோடு முடிகிற விஷயம் அல்ல இது. பெண்கள் சமாச்சாரம், ஜும்ஆ மேடையில் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பிரசவ அறைக்குள் போகிற பெண்ணிடம் கடைசியாகப் பேசி அனுப்புகிறவர்களில் நாமும் இருக்கிறோம். அதனால் நாம்தான் கேட்க வேண்டும்.

முதலில் அந்தத் தாயின் கேள்வி. உமர் (ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் போகும் வழியில், ஸர்ஃ என்ற இடத்தில், அங்கே கொள்ளை நோய் பரவியிருக்கும் செய்தி கிடைக்கிறது. திரும்பிவிட முடிவெடுக்கிறார்கள். அல்லாஹ்வின் விதிக்குப் பயந்து ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம், எங்கே போனாலும் அவனுடைய விதியை விட்டு வெளியேற முடியாது என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். புகாரியில் இருக்கிற நிகழ்ச்சி. காத்திருப்பதும் விதிக்குள், மருந்தும் விதிக்குள். மருந்து வைத்து நாம் அல்லாஹ்வை முந்திவிட முடியும் என்று நினைத்தால்தான் அகீதாவில் கோளாறு. குழந்தை எந்த நொடியில் வெளியே வரும் என்பது அந்த டாக்டரம்மாவுக்கும் தெரியாது.

நாள் தாண்டத் தாண்ட வயிற்றிலேயே குழந்தை இறந்துவிடும் ஆபத்து கூடுகிறது. அதனால்தான் 41 வாரம் முடிந்தவர்களுக்கு வலியை வரவழைக்கும்படி உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, வலி வராமலே பனிக்குடம் உடைவது என்று வேறு காரணங்களும் உண்டு. ஏன் இப்போது, காத்திருந்தால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் கேட்டுத் தெளிந்த பிறகு சந்தேகத்தை அந்தப் பெண்ணின் தலையில் ஏற்றாதீர்கள்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை பிறக்கட்டும், 27ஆம் கிழமை பிறக்கட்டும், ஃபேன்ஸி தேதியாக இருக்கட்டும் என்று டாக்டரிடம் நாள் கேட்கிறவர்கள் நம்மிலும் வந்துவிட்டார்கள். ராகுகாலம் பார்ப்பவர்களைக் குறை சொல்லும் தகுதி பிறகு நமக்கு எங்கே இருக்கிறது?

சரி, அழுகைக்கு வருவோம்.

குர்ஆனில் ஒரு பிரசவம் விரிவாகச் சொல்லப்படுகிறது. மர்யம் அத்தியாயம், 23 முதல் 26 வரையுள்ள வசனங்கள். வலி அவர்களைப் பேரீச்ச மரத்தடிக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்பதற்கு அங்கே 'அஜாஅ' என்ற வினை வருகிறது. 'ஜாஅ' என்றால் வந்தான். 'அஜாஅ' என்றால் வரவைத்தது. அவர்களாக நடந்து வரவில்லை, வலி இழுத்து வந்தது. வலிக்கு அங்கே உள்ள சொல் 'மகாள்'. பாலைக் கடைவதற்குச் சொல்லும் வேர்ச்சொல்லில் இருந்து வந்தது அது. மதரஸாவில் ஓதும்போது இதை இலக்கணமாகத்தான் படித்தேன். கடைவது என்றால் என்ன என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த நேரத்தில் மர்யம் (அலை) அவர்கள் என்ன சொன்னார்கள்? இதற்கு முன்பே இறந்து, அடியோடு மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்றார்கள். உலகப் பெண்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று அல்லாஹ்வே சொன்ன பெண்மணி அவர்கள். ஊராரின் பேச்சைப் பற்றிய அச்சமும் அந்தச் சொல்லில் உண்டு, வலியும் உண்டு. அதற்குக் கண்டிப்பு வந்ததா? இல்லை. கவலைப்படாதே என்ற ஆறுதல் முதலில் வந்தது. காலடியில் நீரோடை வந்தது. பிறகுதான் வேலை: மரத்தை உன் பக்கம் உலுக்கு, பழம் விழும், சாப்பிடு, குடி, கண் குளிர்ந்திரு.

பேரீச்சம் பழத்தைப் பற்றி உடனே கேட்பீர்கள். ஜோர்டானில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில், கடைசி 4 வாரம் தினமும் 6 பழம் சாப்பிட்ட 69 பெண்களுக்கு வலி வரவழைக்கும் மருந்தின் தேவை குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான். சாப்பிடட்டும், பரக்கத் உண்டு. சர்க்கரை உள்ளவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடட்டும். ஆனால் "பழம் தின்னாப் போதும், ஆஸ்பத்திரி எதுக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள். திடகாத்திரமான ஆண் உலுக்கினாலும் அசையாத மரத்தை, வலியில் துடிக்கும் பெண்ணை உலுக்கச் சொன்னானே, அதைக் கவனியுங்கள். உலுக்காமலும் அவனால் பழம் தர முடியும். அவர்களுடைய கையும் அதில் இருக்க வேண்டும் என்று நாடினான்.

இனி என் தவறு. 14 ஆண்டுகளுக்கு முன் என் முதல் குழந்தைக்கும் இதே போல மருந்து வைத்தார்கள். காலையில் ஜெல் வைத்து, அன்று ஒன்றும் நடக்காமல், மறுநாள் டிரிப்ஸ் போட்டார்கள். முதல் பிரசவத்தில் இது ஒரு நாள், இரண்டு நாள் கூட ஆகலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நானோ போனில், "ஸப்ரு செய், சத்தம் போடாதே, கலிமா சொல்லு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். பெரிய உபதேசம் செய்ததாக நினைப்பு. மாதங்கள் கழித்து என் மனைவி சொன்னார்: "பயமா இருக்குன்னு சொல்லத்தான் போன் பண்ணினேன். நீங்க என்னைச் சொல்லவே விடல." மர்யம் (அலை) அவர்களை அல்லாஹ் சொல்லவிட்டான். ஆலிம் நான் சொல்லவிடவில்லை.

தைரியமாக இரு என்றால் பயத்தை வாயில் போட்டு மெல்லு என்று அர்த்தம் அல்ல. அப்படியானால் நல்லெண்ணத்தோடு இருப்பது எப்படி? நபி (ஸல்) அவர்கள் சகுனத்தை வெறுத்தார்கள். நல்ல சொல்லைக் கேட்டு நன்மையை எதிர்பார்க்கிற 'ஃபஃல்' அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஹிஜ்ரி 6, ஹுதைபிய்யா. மக்காவிலிருந்து பேச்சுவார்த்தைக்கு வந்தவரின் பெயர் ஸுஹைல். இலேசு என்ற பொருள் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. அதைக் கேட்டே, காரியம் இலேசாகிவிட்டது என்ற கருத்தில் சொன்னார்கள்.

பிறகு நடந்தது என்ன? அந்த ஆண்டு உம்ரா கிடைக்கவில்லை. இஹ்ராமோடு வந்தவர்கள் கஃபாவைப் பார்க்காமல் திரும்பினார்கள். உமர் (ரலி) போன்றவர்களே கலங்கிப் போனார்கள். அதைத்தான் தெளிவான வெற்றி என்று அல்லாஹ் பெயரிட்டான். ஃபஃல் பொய்க்கவில்லை. தோழர்கள் மனதில் வைத்திருந்த படம்தான் வேறு.

நம் பெண்கள் மனதிலும் ஒரு படம் இருக்கிறது. தானாக வலி வர வேண்டும், சுகப்பிரசவம் ஆக வேண்டும். மருந்து வைத்தாலே ஆபரேஷனில்தான் முடியும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துவார்கள். அமெரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட முதல் பிரசவப் பெண்களிடம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், 39ஆவது வாரத்தில் வலி வரவழைத்தவர்களில் 100க்கு சுமார் 19 பேருக்கும், காத்திருந்தவர்களில் சுமார் 22 பேருக்கும் ஆபரேஷன் நடந்தது. அவர்கள் வேறு சிக்கல் இல்லாதவர்கள். நம் வீட்டு நிலைமை வேறாக இருக்கலாம். ஆனாலும் அந்தப் பயமுறுத்தல் உண்மை அல்ல. அப்படியே ஆபரேஷன் ஆனாலும் அவள் தோற்றுப் போனவள் அல்ல. "எங்க காலத்துல நாங்க..." என்று ஆரம்பிக்கிற மாமியார்களை அன்று வாசலிலேயே உட்கார வையுங்கள்.

இன்னொன்று. பிரசவத்தில் இறக்கும் பெண் ஷஹீத் என்று ஹதீஸ் உண்டு, அபூதாவூதில் வருகிறது. தன் மனைவியை, மகளை இழந்தவனுக்கு அது மருந்து. நாளைக்கு அட்மிட் ஆகப் போகிறவளிடம் போய் அதை ஓதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது ஃபஃல் அல்ல. அவளிடம் சொல்ல நல்ல சொற்கள் வேறு எத்தனையோ இருக்கின்றன. நேரம் ஆகும், பரவாயில்லை என்று சொல்லுங்கள். வலிக்கிறது என்று அவள் சொன்னால், ஆமாம் என்று சொல்லுங்கள். உள்ளே ஒரு பெண் துணையை அனுமதிக்கிறார்களா என்று முன்பே கேட்டு, அவளுக்குப் பிடித்தவரை அனுப்புங்கள். உங்களுக்குப் பிடித்தவரை அல்ல.

அந்தத் தம்பி முதல் ஸஃப்பில்தான் இருக்கிறார். நாளை காலை 8 மணிக்கு அட்மிட். கை உயர்த்துங்கள்.

யா அல்லாஹ்! மர்யம் (அலை) அவர்களுக்கு மரத்தடியில் துணை நின்றவனே! நாளை அந்த அறைக்குள் போகும் எங்கள் பிள்ளைக்கும், இந்த ஊரில் வலியோடு இருக்கும் எல்லாப் பெண்களுக்கும், எந்த மதத்தவராக இருந்தாலும், காரியத்தை இலேசாக்குவாயாக! மருத்துவர்களின், செவிலியர்களின் கைகளில் நிதானத்தைத் தருவாயாக! தாயையும் பிள்ளையையும் நலமாக வீட்டுக்கு அனுப்புவாயாக! ஆமீன்.