தோற்றவனுக்கும் ஒரு சனிக்கிழமை

மன்னார்த் தீவில் கோயில் திருநாளை ஒட்டி நடந்த ஓர் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. ஆட்டம் சமநிலையில் முடிந்துவிட, சமநிலை தவிர்ப்பு உதைகளுக்கு வந்தார்கள். கடைசி உதையை அடிக்க வந்த பொடியனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. விடியப்புறம் கடலுக்குப் போய், பின்னேரம் பயிற்சிக்கு வந்து, மாதக்கணக்காகப் பாடுபட்ட ஓர் அணி அந்த ஒரு சத்தத்தோடு சப்பாத்தைக் கழற்றியது. எல்லோரும் லான்ட்மாஸ்டரில் ஏறிவிட்டார்கள். அவன் மட்டும் கம்பத்தடியில் குந்தியிருந்தான்.

எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டிகள் பெரும்பாலும் விலகல் முறையில் நடப்பவை. ஒருமுறை தோற்றால் வீடு. நாட்கள் குறைவு, மைதானம் ஒன்று, அணிகள் பல. வேறு வழியும் இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, ஒரு மனிதனை ஒரே உதையால் எடைபோட்டுவிடலாமா என்ற கேள்வி என்னை விடவில்லை.

அன்று இரவு எனக்கு 2011ஆம் ஆண்டின் ஜப்பான் நினைவுக்கு வந்தது. 1993இல் 10 கழகங்களோடு தொடங்கிய அந்நாட்டு உதைபந்தாட்டத் தொடரான ஜே லீக், 2011இல் முதற்பிரிவில் மட்டும் 18 கழகங்களைக் கொண்டிருந்தது. வென்றாலும் தோற்றாலும் ஒவ்வொரு கழகத்துக்கும் 34 ஆட்டங்கள். பருவம் தொடங்கி ஒரு சுற்றுத்தான் முடிந்திருந்தது. மார்ச் 11இல் பூமி அதிர்ந்து, கடல் எழுந்து வந்தது. லீக் நின்றுபோனது. ஏப்ரல் 23இல் மீண்டும் தொடங்கியபோது, அழிவின் நடுவிலிருந்த செண்டாய் நகரத்தின் வெகால்டா அணி, கவாசாக்கிக்குப் போய் ஆடியது. முதலில் ஒரு கோல் வாங்கிப் பின்தங்கியது. பிறகு இரண்டு அடித்து வென்றது. பருவ முடிவில் அந்த அணி நான்காம் இடத்தில் நின்றது. செண்டாயின் துயரத்தை அந்த வெற்றி ஆற்றியது என்று நான் சொல்லமாட்டேன். இழந்தவர்களை எந்தக் கோலும் திருப்பித் தராது. ஆனால், எல்லாம் நின்றுபோன ஓர் ஊருக்கு, அடுத்த கிழமை போய் நிற்க ஓர் இடம் இருந்தது.

அந்த வருடம் கிண்ணத்தை வென்றது கஷிவா ரெய்சோல். 2009இல் முதற்பிரிவிலிருந்து கீழே இறக்கப்பட்ட அணி அது. 2010இல் இரண்டாம் பிரிவை வென்று மேலேறி, 2011இல் 72 புள்ளிகளோடு நாட்டுக்கே சம்பியன் ஆனது. இரண்டாம் இடத்திலிருந்த நகோயாவுக்கு 71. இதில் என்னை மிகவும் தொட்டது வேறொரு எண். அந்தப் பருவத்தில் கஷிவா 8 ஆட்டங்களில் தோற்றிருந்தது. விலகல் முறையாக இருந்திருந்தால் முதல் தோல்வியோடு அதன் கதை முடிந்திருக்கும். லீக்கில் ஒரு தோல்விக்கு விலை மூன்று புள்ளிகள் மட்டும். அடுத்த ஆட்டத்தை அது பறிப்பதில்லை. எட்டு முறை தலைகுனிந்து மைதானத்தை விட்டுப் போனவர்கள்தான் கடைசியில் கிண்ணத்தைத் தூக்கினார்கள்.

எங்கள் கரைக்கு வாழ்க்கையே விலகல் முறையில் நடந்த காலம் ஒன்று உண்டு. போர் நடந்த 1990இல் தலைமன்னார்க் கரையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறியவர்கள் எத்தனையோ பேர். அதே ஆண்டு ஒக்டோபரில் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முஸ்லிம் மக்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். சேர்ந்து பந்தடித்த பொடியன்கள் ஒரே ஆண்டில் வெவ்வேறு கரைகளில் ஒதுங்கினார்கள். ஒரு நாள், ஓர் அடி, அதோடு முடிவு. எதற்கும் மறு ஆட்டம் கிடையாது என்ற எண்ணம் அந்த வருடங்களில் எங்களுக்குள் ஊறிப்போனது. இன்றும் ஒரு பரீட்சையில் தவறிய பிள்ளையை, ஒருமுறை நட்டப்பட்ட தொழிலாளியை, "இனி அவ்வளவுதான்" என்று சொல்லிவிடுகிறோம்.

மைதானத்திலும் இதே கதைதான். 2021இல் இலங்கையின் முதலாவது தொழில்முறை உதைபந்தாட்ட லீக் தொடங்கியபோது அதில் ஆடிய 10 கழகங்களில் வடக்கு, கிழக்கிலிருந்து ஒன்றும் இல்லை. 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்ட் வரை தேசிய அணிக்கு மைதானமே இல்லை. மன்னார் மண்ணில் வளர்ந்து தேசிய அணியின் பின்களத்தைக் காத்த டக்சன் பியூஸ்லஸ், மாலைதீவுக் கழகம் ஒன்றுக்கு ஆடிக்கொண்டிருந்த நாட்களில், 2022 பெப்ரவரியில் அங்கேயே கண்மூடினார். அவரைப் போலத் திறமை உள்ளவர்கள் இந்தத் தீவில் இன்னும் பிறக்கிறார்கள். அவர்களுக்குக் குறைவது ஒரு பருவம்: தோற்ற கிழமைக்குப் பிறகு இன்னொரு கிழமை வரும் என்று அச்சடித்துக் கையில் கொடுத்த ஓர் அட்டவணை.

அந்த மாலையில் கம்பத்தடிக்கு ஒரு வயோதிபர் நடந்து போனார். வெயிலில் காய்ந்த கடற்றொழிலாளி. பொடியனின் தோளைத் தொட்டுச் சொன்னார்: "எழும்பு தம்பி. வாடை பிடிச்சு வடகடல் கொந்தளிச்சா வலையை எரிக்கிறமோ? தென்கடலுக்குத்தானே கொண்டு போறம்."

எங்கள் தீவுக்கு இரண்டு கடல்கள். வடக்கே பாக்குக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காலத்தில் வடக்குக் கொந்தளிக்கும், தெற்கு இடம் கொடுக்கும். சோளகக் காற்று எழும்பினால் தெற்கு மூடும், வடக்குத் திறக்கும். வெறும் வலையோடு கரையேறியவன் மறுநாளும் வலையைத் தோளில் போடுகிறான். ஒரு நாள் மீன்பாட்டைக் கொண்டு எவனையும் நல்ல தொழிலாளி என்றோ கெட்ட தொழிலாளி என்றோ இந்தக் கரை சொன்னதில்லை. வருடம் முழுவதையும் பார்த்துத்தான் சொல்லும். ஜப்பான் அட்டவணை போட்டுச் செய்ததை எங்கள் முன்னோர் காற்றைப் பார்த்தே செய்துவந்தார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கடல் தானாகத் திறக்கும். மைதானம் தானாகத் திறக்காது. யாராவது கோடு போட வேண்டும், கம்பம் நட வேண்டும், தோற்ற அணியின் பெயரையும் அடுத்த கிழமைத் தாளில் எழுத வேண்டும். வெற்றியை ஒருவன் தன் காலாலேயே தேடிக்கொள்வான். அடுத்த ஆட்டத்தை அவனுக்கு ஊர்தான் கொடுக்க முடியும்.

அந்தப் பொடியன் எழும்பினான். மணலைத் தட்டிக்கொண்டு கேட்டான்: "அடுத்த மேட்ச் எப்ப ஐயா?"

அந்தக் கேள்விக்கு ஒரு திகதி சொல்லக்கூடிய ஊரே நல்ல ஊர்.