கூலிக்கு மாரடித்தவள்

மனசில்லாமல் வேலை செய்பவனைக் 'கூலிக்கு மாரடிக்கிறான்' என்பார்கள். நிஜமாகவே கூலிக்கு மாரடித்தவள் என் அத்தை. சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடக் கரையோரம் எங்கள் சேரி. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் ஆள் வரும். மாமா பறையை எடுக்கணும், அத்தை ஒப்பாரி வைக்கணும். காய்ச்சல் என்று சொல்லித் தப்ப முடியாது. கூலி ஒரு மரக்கால் நெல். எவன் திண்ணையில் உட்கார முடியாதோ அவனையே 'ராசாவே' என்று அழுதாள்.

சிதம்பரத்தில் படிக்கப்போன நான் அந்தக் குரலுக்காக வெட்கப்பட்டேன். 'பறையடிக்க மாட்டோம், செத்த மாடு தூக்க மாட்டோம்' என்று நம் சனங்கள் நிமிர்ந்தபோது அத்தையும் போவதை நிறுத்தினாள். நல்லது என்றேன்.

பிறகு கடலூரில் ஒரு தோழரின் அறையில் கோகோ டெய்லரைக் கேட்டேன். 1969இல் செஸ் நிறுவனம் அவர் பெயரிலேயே வெளியிட்ட இசைத்தட்டின் பாட்டுகள். 1928இல் டென்னசியில் வாரத்துக்குப் பயிர்வைத்த குடும்பத்தில் பிறந்தவர். 1952இல் சிகாகோ போய் வெள்ளைக்காரர் வீடுகளைத் துடைத்துக் கூட்டியவர். எலெக்ட்ரிக் கிதாரையும் மீறி எழும்புகிறது அந்தக் கரகரத்த குரல். வார்த்தை பாதி விளங்கவில்லை. அத்தையின் குரல் என்பது மட்டும் விளங்கியது.

இழிவு என்று நாம் விட்டதைக் கறுப்பர்கள் ஆயுதமாக்கிவிட்டார்களே என்று டேப் ரிக்கார்டரோடு ஊருக்கு ஓடினேன். "பாடு அத்தை, இது நம்ம கலை" என்றேன். அவள் வெற்றிலையை மென்றபடி கேட்டாள்: "அன்னிக்கி அவன் பாடுன்னான். இன்னிக்கி நீ பாடுங்குற. எனுக்கு எப்ப தோணுதோ அப்ப பாடக்கூடாதாடா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பறையை விடுவதா, மீட்பதா என்று நாம் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். இழிவு தோலிலும் இல்லை, தொண்டையிலும் இல்லை. மாட்டேன் என்று சொல்ல முடியாததில் இருந்தது. கோகோ டெய்லர் மேடை ஏறியது தன் இஷ்டத்தில். தட்டில் அவர் பெயர் இருந்தது. அத்தைக்கு இரண்டுமே கிடையாது. அதைக் கொடுக்காமல் 'கலை' என்று மட்டும் பெயர் மாற்றினால், அவளை ஏவுகிறவன்தான் மாறுகிறான்.

மாமா செத்த அன்று அவள் பாடினாள். ஆள் யாரும் வரவில்லை, நெல்லும் இல்லை. விடிய விடியப் பாடினாள். டேப் ரிக்கார்டர் பக்கத்திலேயே இருந்தது. நான் அமுக்கவில்லை.