எத்தனை மணி நேரம் போதும்?

கரண்ட் போனாலும் இணைய மோடத்தை அணையவிடாத, கையடக்கமான மினி யூபிஎஸ்ஸை வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு நேரம் தாங்கும்?" என்பது. அதற்கு முன் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எவ்வளவு நேரம் தாங்கினால் எனக்குப் போதும்? முதல் கேள்விக்கு அட்டைப்பெட்டியிலேயே விடை அச்சாகியிருக்கும். இரண்டாவது கேள்வி மிகப் பழையது. சமணம் அதை இல்லறத்தாரின் ஐந்து விரதங்களில் ஒன்றாகவே வைத்தது. துறவிக்கு எதையும் உடைமையாகக் கொள்ளாமை, அது மாவிரதம். இல்லறத்தாரிடம் அந்த அளவுக்குக் கேட்கவில்லை. நிலம், வீடு, பொன், வெள்ளி, கால்நடை, தானியம், துணிமணி, பாத்திரம் என வகை வகையாக, இவ்வளவு எனக்குப் போதும் என்று முன்கூட்டியே வரம்பு கட்டிக்கொள்ளச் சொன்னது. (பணியாட்களையும் அதே பட்டியலில் உடைமையாகச் சேர்த்தது அந்தக் காலத்தின் குறை.) தமிழ்ச் சமணர்கள் இதை மிகுபொருள் விரும்பாமை என்பார்கள், இல்லறத்தாரின் ஒழுக்கத்துக்காக எழுந்த அருங்கலச்செப்பும் இதைப் பேசுகிறது. இந்த விரதத்துக்குத் தத்துவார்த்த சூத்திரம் என்ற சமண நூல் சொல்லும் குற்றங்கள் கவனிக்கத்தக்கவை. நிறைய வைத்திருப்பதை அது குற்றமாக எண்ணவில்லை. தானே வகுத்த அளவைத் தாண்டுவதைத்தான் குற்றம் என்கிறது. அளவு எவ்வளவு என்பதை நூல் சொல்லவில்லை. ஆசை வருமுன் அளவு வந்துவிட வேண்டும் என்பதை மட்டும் வற்புறுத்துகிறது. ஒரு பேட்டரியைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல வழி கிடையாது என்பது என் வாதம்.

அளவை முதலில் வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. வீட்டிலுள்ள ஃபைபர் மோடத்தின் அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அது உச்ச வரம்பு, அதாவது 12 வாட். பெரும்பாலான நேரம் அது இழுப்பது 6 முதல் 8 வாட் வரைதான். 3 மணி நேரம் போதும் என்று வைத்துக்கொள்வோம். 8 வாட்டை 3 மணியால் பெருக்கினால் 24 வாட்-மணி. மின்னழுத்தத்தை மாற்றுவதில் போகும் இழப்பையும் சேர்த்தால் 28. சந்தையில் 8000 மில்லி ஆம்பியர்-மணி என்று விற்கும் சிறிய பெட்டி இதைச் சரியாகத் தரும். ஆனால் அந்த 8000 என்ற எண்ணை 12 வோல்ட்டோடு பெருக்கி 96 வாட்-மணி என்று நினைத்துவிடக் கூடாது. அது உள்ளேயுள்ள செல்லின் 3.7 வோல்ட்டுக்குச் சொல்லப்பட்ட எண். உண்மைக் கொள்ளளவு 29.6 வாட்-மணிதான். பெட்டியின் மேல் உள்ள எண் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பது விற்பவரின் கணக்கு. வாங்குபவர் தன் கணக்கோடு போகாவிட்டால் விற்பவரின் கணக்குதான் ஜெயிக்கும். 8000 இருந்த இடத்தில் 20,000 வந்து உட்கார்ந்துகொள்ளும். வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் அளவு பூஜ்யமாகவும் இருக்கலாம். பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் யூபிஎஸ் முறைக்கு மாற்ற ஒரு ஸ்விட்ச் உண்டு. அதை மாற்றினாலே கரண்ட் போகும் நொடியில் மோடம் அணைந்து எரிவது பெரும்பாலும் நின்றுவிடும்.

அளவை நம் விருப்பம் மட்டுமே தீர்மானிப்பதும் இல்லை. வீட்டு மோடத்துக்கு வரும் கண்ணாடி இழை, தெருவில் ஒரு ஸ்பிளிட்டரில் பல வீடுகளுக்குப் பிரிகிறது. அதற்கு மின்சாரமே வேண்டாம், ஒளி தானாகப் பிரிந்துவிடும். ஆனால் அந்த ஒளியை அனுப்பும் கருவி கேபிள் ஆபரேட்டரின் அறையிலோ எக்ஸ்சேஞ்சிலோ இருக்கிறது. அங்கே பேட்டரி தீர்ந்த நிமிடத்தில் நம் வீட்டு மோடத்தில் லாஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னும். நம் பேட்டரியில் இன்னும் எவ்வளவு மிச்சமிருந்தாலும் பயனில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரம் நாள்கணக்கில் வரவில்லை. செல்பேசிச் சேவையும் பல இடங்களில் முடங்கியது. அப்படிப்பட்ட நாளுக்காக மோடத்துக்கு எவ்வளவு பெரிய பேட்டரியை வாங்கிவைத்தாலும் அது தனியாகத்தான் விழித்துக்கொண்டிருக்கும். தடையே இல்லாத இணைப்பு என்பது எந்தத் தனி வீட்டாலும் விலை கொடுத்து வாங்க முடியாத பொருள். எனவே, எவ்வளவு பெரியது வாங்கினாலும் மனம் நிறையாது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு இணைப்பு அறுந்தால் சம்பளம் போகும். படுக்கையில் கிடக்கும் பெரியவரின் மருத்துவரை வீடியோவில் அழைக்க வேண்டியிருக்கும். அவர்களிடம் போய்ப் போதும் என்று உபதேசிப்பது வயிறு நிறைந்தவனின் தத்துவம் அல்லவா? மறுப்பு நியாயமானது. ஆனால் அது அளவு வைப்பதற்கு எதிரானதல்ல. அளவைக் கூட்டுவதற்கான காரணம். மின்வாரியம் அறிவித்துச் செய்யும் பராமரிப்பு மின்தடை காலை 9 மணிக்குத் தொடங்கிப் பிற்பகல் வரை நீள்கிறது என்றால், அந்த வீட்டின் அளவு 3 மணி அல்ல, 5 அல்லது 6 மணி. அது மிகுபொருள் ஆகாது. மணிமேகலையின் கையில் அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைக் கொடுத்த மரபு நம்முடையது. அந்தப் பாத்திரம் பிறர் பசிக்கென்று வந்ததால் யாரும் அதற்கு அளவு கேட்கவில்லை. இன்ன கடமைக்கு இவ்வளவு நேரம் என்று பெயர் சொல்ல முடிந்தால் அளவு பெரிதாக இருப்பதில் தவறில்லை. பெயர் சொல்ல முடியாமல், இருக்கட்டுமே என்று சேர்வதைத்தான் விரதம் தடுக்கப் பார்த்தது.

தானே அளவு வைத்துக்கொள்ளலாம் என்றால், கோடீஸ்வரன் நூறு கோடி என்று எல்லை வைத்துவிட்டு விரதம் காத்ததாகச் சொல்லலாமே என்பது இன்னொரு மறுப்பு. சொல்லலாம், இந்த விரதத்தை ஏமாற்ற முடியும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பொன்னின் விஷயத்தில் தப்பிக்க முடிந்ததைப் போல் இங்கே முடியாது, ஏனென்றால் வாட்டும் மணியும் பொய் சொல்லாது. பெரிய பேட்டரி முழுதும் காலியாகாமல் வேலை செய்வதால் அதிக ஆண்டு உழைக்கும், அதனால் குப்பை குறையும் என்போரும் உண்டு. இதில் உண்மை இருக்கிறது. அதற்காகக் கணக்கில் கால் பங்கு கூட்டிக்கொள்ளலாம், இரண்டு மடங்காக்கத் தேவையில்லை. அதைவிட, சாதாரண லித்தியம் அயான் செல் சில நூறு முறை மின்னேற்றத்தில் சோர்ந்துவிடும் இடத்தில், லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் 2000 முறைக்கு மேல் தாங்கும். எளிதில் தீப்பற்றவும் செய்யாது. நாள் முழுதும் மின்னேற்றத்திலேயே, பெரும்பாலும் மர அலமாரிக்குள் கிடக்கப்போகும் பொருளுக்கு இது சின்ன விஷயமல்ல. கொல்லாமையை முதல் விரதமாக வைத்தவர்கள் கொள்ளளவைப் பார்ப்பதற்கு முன் இதைத்தான் பார்த்திருப்பார்கள்.

தனிமனிதனை அளவு வைக்கச் சொல்வது நிறுவனங்களைப் பொறுப்பிலிருந்து தப்பவிடுமோ என்ற அச்சம்தான் எனக்கு எல்லாவற்றிலும் கனமாகப் படுகிறது. பழைய செம்புக் கம்பித் தொலைபேசி, எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த 48 வோல்ட்டில் இயங்கியது; ஊரே இருண்டாலும் அது ஒலித்தது. கண்ணாடி இழை வந்ததும் அந்தப் பொறுப்பு சந்தடியில்லாமல் வீட்டுக்காரர் தலையில் இறங்கிவிட்டது. அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி 2015-இல், இப்படிப்பட்ட தொலைபேசி இணைப்பைத் தரும் நிறுவனங்கள் விரும்பும் வாடிக்கையாளருக்கு முதலில் 8 மணி நேரமும், மூன்று ஆண்டுகளில் 24 மணி நேரமும் தாங்கும் பேட்டரியை விலைக்காவது கொடுத்தாக வேண்டும் என்று விதித்தது. பிரிட்டனில் அதே பொறுப்பிலுள்ள ஆஃப்காம், வேறு வழியில்லாத வாடிக்கையாளர் மின்தடையின்போது குறைந்தது 1 மணி நேரமாவது அவசர அழைப்பு செய்யக் கட்டணமில்லாமல் வழி செய்யச் சொன்னது. அளவு வைத்தவன்தான் தன் பங்கு எங்கே முடிகிறது, அடுத்தவர் பங்கு எங்கே தொடங்குகிறது என்பதை அறிவான். என் வீட்டில் 3 மணி நேரத்துக்குப் பேட்டரி இருக்கிறது, உங்கள் அறையில் எவ்வளவு என்று கேபிள் ஆபரேட்டரிடம் கேட்கும் தெம்பு அவனுக்குத்தான் உண்டு.

ஆகவே, கடைக்குப் போவதற்கு முன் இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: உங்கள் வீட்டுக்கு வேண்டிய மணி, உங்கள் ஆபரேட்டரின் பேட்டரி தாங்கும் மணி. இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம்.