ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள்

கூடப் படித்தவர்கள் திரும்பச் சந்தித்துக்கொள்ளும் விருந்து இப்போது எங்கள் கரிசல் பக்கத்தில் ஊருக்கு ஊர் நடக்கிறது. யாரோ ஒருவர் வாட்ஸ்அப்பில் குழு தொடங்குவார். ஒரு மாதத்துக்குள் முப்பது, நாற்பது எண்கள் சேர்ந்துவிடும். பழைய குரூப் போட்டோ ஒன்று வந்து விழும். அதில் யார் யார் என்று அடையாளம் சொல்வதிலேயே இரண்டு மூன்று ராத்திரி போய்விடும். அப்புறம் நாள் குறித்து, ஓட்டல் மாடியில் ஹால் பிடித்து, தலைக்கு இவ்வளவு என்று வசூல். சாத்தூர் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 1990-இல் பத்தாம் வகுப்பு எழுதிய நாங்களும் அப்படித்தான் கூடினோம். அப்போது எங்கள் மாவட்டத்துக்குக் காமராசர் பெயர். விருதுநகர் என்று மாறியது 1997-இல்.

அந்த ராத்திரி எனக்கு எவ்வளவு பெரிய சந்தோஷம் தந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஐம்பது வயதை நெருங்கியவனிடம் பேசுகிறவர்கள் எல்லாருக்கும் ஏதாவது ஒரு காரியம் இருக்கிறது. ஆபீஸ்காரர்களுக்கு ஆபீஸ் காரியம், சம்பந்தி வீட்டாருக்குச் சம்பந்தி வீட்டுக் காரியம். என் அப்பா பருத்தி மூட்டை தூக்கியதை இவர்களில் ஒருவரும் பார்த்ததில்லை. ஹாலுக்குள் நுழைந்ததும் என் தோளில் கை போட்டவன் பார்த்திருக்கிறான். "அப்பா முதுகுவலி கடைசி வரைக்கும் இருந்துச்சாடா?" என்றுதான் அவன் பேச்சையே தொடங்கினான். அப்பா இறந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, வீட்டுக்கு வெளியே ஒருவர் அவருடைய முதுகை நினைத்துப் பார்த்தார். அதற்கு நான் என்ன கைம்மாறு செய்துவிட முடியும்?

திருக்குறளில் நட்பு, நட்பாராய்தல் என்ற இரண்டு அதிகாரங்களுக்கு அடுத்ததாக, 81-ஆவதாக, பழைமை என்று ஒன்று வருகிறது. நண்பனை ஆராய்ந்து தேர்ந்துகொள் என்று சொல்லி முடித்த கையோடு, நெடுநாள் பழகியவர்கள் கேட்காமல் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார் வள்ளுவர். கூடப் படித்தவர்களை நாம் ஆராய்ந்து தேர்ந்துகொள்ளவில்லை. பக்கத்து ஊர்களில் பிறந்தோம், நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அந்த உரிமை எங்களுக்குள் முழுசாக இருக்கிறது. முப்பது வருடமாகப் பேசாதவன் என் தட்டிலிருந்து பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தொட்டுச் சாப்பிட்டான். பெண்களோடு பள்ளியில் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதனால் முதலில் "வாங்க, நல்லா இருக்கீங்களா" என்றுதான் பேசிக்கொண்டோம். கைகழுவி எழுந்திருக்கும்போது அது "வா, போ" ஆகியிருந்தது. இதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி.

பேச்சு சத்துணவுக்குப் போனது. 1989-இல்தான் சத்துணவில் முட்டை போடத் தொடங்கினார்கள், இரண்டு வாரத்துக்கு ஒன்று. நாங்கள் அப்போது பத்தாவது. முட்டை போடும் நாளில் வரிசை எப்படி நீளும், டிபன் பாக்ஸ் கொண்டுவருகிற பையன்கள்கூட எப்படித் தட்டு இரவல் வாங்கிக்கொண்டு நிற்பார்கள் என்று ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் எடுத்துச் சொன்னார்கள். இன்று பஸ் கம்பெனி நடத்துகிறவரும் அந்த வரிசையில் நின்றவர்தான். அதைப் பெருமையாகவே சொன்னார். கேட்க நன்றாக இருந்தது.

"நீ என்ன பண்றே?" என்ற கேள்வி மட்டும் அந்த ஹாலில் வேறுவிதமாக வேலை செய்தது. கேட்டவர்கள் அன்போடுதான் கேட்டார்கள். பதில் சொல்லச் சொல்ல, எங்களை அறியாமலே மேசைகள் பிரிந்துவிட்டன. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், வாத்தியார் வேலையிலும் பேங்கிலும் இருப்பவர்கள் ஒரு பக்கம். ஆட்டோ ஓட்டுகிற நண்பன் சீக்கிரமே சாப்பிட்டு முடித்து, "சவாரி இருக்குடா" என்று எழுந்துவிட்டான். பள்ளிக்கூடத்தில் எங்களை உயரத்தின்படிதான் உட்கார வைத்திருந்தார்கள். அது எவ்வளவோ மேல்.

வந்தவர்களாவது ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். வராதவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. ராத்திரி விருந்து என்றதும் பெண்களில் பாதிப்பேர் கழன்றுகொண்டார்கள். கிராமத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டால் வழியில்லை. பலருக்குச் சொந்த போன் கிடையாது, வீட்டுக்காரர் போன்தான். ஒரு ஆண் குரல் அதில் கூப்பிட்டு "கூடப் படிச்சேன்" என்றால் எத்தனை வீட்டில் போனைக் கையில் கொடுப்பார்கள்? வசூல் தொகை ஒரு நாள் கூலியைவிட அதிகம் என்பதால் சிலர் வரவில்லை. பரீட்சையில் தவறியவர்கள் வரவே இல்லை. அந்தக் காலத்தில் ரிசல்ட் பேப்பரில் வரும், தேறியவர்களின் நம்பர் மட்டும்தான் இருக்கும். தன் நம்பர் இல்லை என்று தெரிந்தவன் பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டுப் போவான். அப்படிப் போனவர்களை அடுத்த வாரமே கடையிலோ பட்டறையிலோ பார்க்கலாம், பள்ளிக்கூடத்துப் பேச்சில் அவர்கள் பெயர் வராது. எங்கள் வாட்ஸ்அப் பட்டியலும் அந்தப் பேப்பரைப் போலத்தான் இருந்தது.

பத்தாவது வரைக்குமே வராதவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கவே வழியில்லை. எங்கள் ஊர்களில் விடிவதற்கு முன்னால் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து நிற்கும். எங்களோடு ஆறாவதில் சேர்ந்த பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக அந்த வண்டியில் ஏறினார்கள். 14 வயதுக்குட்பட்டவர்களைத் தீப்பெட்டித் தொழிலில் வைக்கக் கூடாது என்று 1986-இல் சட்டம் வந்தது. குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் வேலையை அதே சட்டம் விட்டுவைத்தது. வண்டியில் ஏறாத பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினார்கள்.

விருந்துக்கு முந்தின வாரம், எட்டாவதோடு நின்றுபோன ஒருவரை அழைக்க நானும் வேறு இரண்டு பேரும் அவர் வீட்டுக்குப் போனோம். "நான் பத்தாவது படிக்கலையே, என்னய எதுக்குக் கூப்பிடுறீங்க?" என்றார். சண்டையாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். நாற்காலி எடுத்துப் போட்டு, டீ போட்டுக் கொடுத்துவிட்டு, எங்கள் வகுப்பின் வருகைப் பதிவேட்டை முதல் பெயரிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். டீச்சர் கூப்பிடுகிற அதே ஏற்ற இறக்கத்தோடு, தன் பெயரையும் அதன் இடத்தில் வைத்துச் சொன்னார். எங்கள் மூன்று பேராலும் பாதியைக்கூடச் சொல்லியிருக்க முடியாது. வேலை செய்யும்போது மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பாராம், நேரம் போகும் என்று. முட்டை போட்ட வருடம் அவர் பள்ளியில் இல்லை. விருந்துக்கும் வரவில்லை.

குறள் சொல்லும் அந்த உரிமைக்குச் சரியான இடம் அவர் வீட்டு வாசல்தான் என்று நினைக்கிறேன். முன்பின் தெரியாதவர் வந்து "எப்படி இருக்கீங்க?" என்று நின்றால் சந்தேகப்படுவார்கள். கூடப் படித்தவன் சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கலாம், திண்ணையில் உட்காரலாம், "மகளுக்கு எந்த காலேஜ் பார்த்திருக்கே?" என்று கேட்கலாம். இந்த உரிமை கையில் இருந்தும், வசதியாக வந்து சேரக்கூடியவர்களோடு மட்டும் ஹாலில் படம் எடுத்துக்கொண்டு கலைவது போதாது. கூடுகை என்றால் தேடிப் போவதும் சேர்ந்ததுதான்.

உங்கள் வகுப்பும் கூடப் போகிறதா? ராத்திரி வேண்டாம், பகலில் வையுங்கள். ஓட்டல் வேண்டாம், படித்த பள்ளிக்கூடத்து மரத்தடி போதும். வசூலை விருப்பப்பட்டவர் விருப்பப்பட்டதைத் தரும்படி வைத்துவிட்டு, யார் எவ்வளவு தந்தார் என்பதைக் குழுவில் போடாதீர்கள். பெண்களைப் பெண்களே நேரில் போய் அழைக்கட்டும். சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்தவர்கள் தீபாவளி முடிந்த வாரங்களில் நாள் வைத்தால் பட்டாசு வேலைக்குப் போகிறவர்களுக்கும் ஓய்வு இருக்கும். பட்டியலை மார்க் ஷீட்டிலிருந்து தொடங்காதீர்கள். ஒவ்வொரு பள்ளியிலும் சேர்க்கைப் பதிவேடு உண்டு, அதை எந்தக் காலத்திலும் அழிக்க மாட்டார்கள். தலைமையாசிரியரிடம் கேட்டு, நீங்கள் ஆறாவதில் சேர்ந்த வருடத்துப் பக்கத்தைப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் உள்ள அத்தனை பேரும் உங்கள் வகுப்புதான்.